முத்துக் கடற்கரையில் மின்சாரக் கார்: வாங்குமுன் ஒரு கணக்கு

 

தூத்துக்குடி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன யாவை? முத்து, உப்பு, துறைமுகம், மக்ரூன். இப்பட்டியலில் 2025ஆம் ஆண்டில் மற்றொன்றும் சேர்ந்துவிட்டது. அது மின்சாரக் கார். நகருக்கு வெளியே சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில், வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனம் ஏறத்தாழ 400 ஏக்கர் பரப்பில் அமைத்த கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள். பின்னர் 1,50,000 வரை உயர்த்தலாம் என்பது திட்டம்.

நம் இல்லங்களிலும் இப்பேச்சு நுழைந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் மகன், "வாப்பா, இனிப் பெட்ரோல் வண்டி வேண்டாம், கரண்டு வண்டி வாங்குவோம், செலவே இல்லை" என்கிறான். தந்தையோ, "விலையைப் பார்த்தாயா?" என்று தயங்குகிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் பாலைவன வெயிலில் ஈட்டிய பணம் அல்லவா? அது மகளின் படிப்புக்கும் வீட்டின் கூரைக்கும் உரியதாகவும் இருக்கலாம். ஆகவே, வாருங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் தொடங்கிக் காயல்பட்டினம் வரை, இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சென்று வருவோம்.

திறவாத சிப்பியின் ஏலம்

மன்னார் வளைகுடாவின் அடியில் உள்ள பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். முத்துச் சிப்பிகள் விளைவது அங்கேதான். பாண்டியர் காலத்துக் கொற்கை, மார்க்கோ போலோ 1290களில் கண்டு எழுதிய காயல், பின்னர் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி ஆண்ட தூத்துக்குடி ஆகிய யாவும் இந்தப் பார்களின் செல்வத்தால் வளர்ந்தவையே. பரதவரும், கீழக்கரை, காயல் பகுதி முஸ்லிம்களும் காலில் கல்லைக் கட்டி மூச்சடக்கி மூழ்கினார்கள். இக்கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில்.

சலாபம் நடந்த காலத்து வழக்கம் ஒன்றை நீங்கள் அறிந்திருத்தல் நலம். கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டனர். சிப்பி திறக்கப்படாமலேயே விற்பனை நடந்தது. ஏலம் எடுத்த வணிகர் அவற்றை அழுக விட்டுக் கழுவிப் பார்த்த பின்னரே உள்ளே முத்து உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வார். ஒருவர் செல்வரானார், மற்றொருவர் கடனாளியானார்.

ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால், முக்குளிப்பவர் அடுத்த முழுக்கில் எடுத்து வரப்போவதை முன்கூட்டியே விலை பேசுவது குறித்த ஆய்வைக் காணலாம். 'கரர்', அதாவது இன்னதென்று அறியாத பொருளை வாங்கி விற்பது, என்னும் தலைப்பின்கீழ் அது வருகிறது. பழைய ஏலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இங்கு என் நோக்கமன்று. விலை கொடுப்பவன் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் நமக்குப் போதும். கார் வாங்கும் இடத்தில் காட்டப்படும் விலையும் ஒரு சிப்பிதான். எரிபொருள், கடன், பராமரிப்பு, மறுவிற்பனை ஆகியன அதனுள்ளே மூடிக் கிடக்கின்றன. அதைத் திறந்து பார்ப்போம்.

இலவசத்தின் வயது

பழைய துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையில் நிற்கும்போது வ.உ. சிதம்பரனாரை நினையாதவர் இரார். 1906ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு, ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் இரண்டு இலட்ச ரூபாய்க்குப் பங்கு எடுத்துத் துணை நின்றார் என்பது நம் சமுதாயம் பெருமையுடன் நினைவுகூரும் செய்தி. அந்தக் கம்பெனியை வீழ்த்த ஆங்கிலேயக் கம்பெனி செய்தது என்ன? கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது, இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது, குடையும் பரிசளித்தது. 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அதன்பின் இலவசமும் இல்லை, குடையும் இல்லை.

இன்றைய கார் நிறுவனங்கள் தரும் சலுகைகளை அந்தச் சூழ்ச்சியோடு ஒப்பிடுவது நீதியாகாது. புதிய சந்தையில் நுழைபவர் சலுகை தருவது வணிக இயல்பே. ஆயினும் இலவசத்திற்கு ஒரு வயது உண்டு என்பதை மறக்கலாகாது. 2025 செப்டம்பர் 6ஆம் நாள் வின்ஃபாஸ்ட் தன் வி.எஃப்.6 காரை 16 இலட்சத்து 49 ஆயிரம் ரூபாய்த் தொடக்க விலையிலும், வி.எஃப்.7 காரை 20 இலட்சத்து 89 ஆயிரம் ரூபாய்த் தொடக்க விலையிலும் அறிமுகம் செய்தபோது, தன் குழும நிலையங்களில் 2028 ஜூலை வரை இலவச மின்னேற்றம் என்றும் அறிவித்தது. பத்தாண்டு ஓட்டப்போகும் காருக்கு இச்சலுகை ஒரு பகுதிக் காலமே பயன்படும். அதுவும் உங்கள் ஊருக்கு அருகில் அந்நிலையம் இருந்தால்தான்.

அரசின் சலுகைகளும் அப்படியே. மின்சாரக் காருக்கான சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்டு முதல் 5 விழுக்காடு. தமிழக அரசு சாலை வரியிலும் முழு விலக்கு அளித்தது. அதைக் கால வரையறை வைத்தே அளித்து வந்தது. வாங்கும் நாளில் அவ்விலக்கு உண்டா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மறுபுறம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்து, மேல்வரியும் நீங்கியது. தூத்துக்குடித் தொழிற்சாலை திறந்த இரண்டே மாதங்களுக்குள் பெட்ரோல் கார் மலிவாகிவிட்டது. இருவகைக் கார்களுக்கும் இடையே இருந்த விலை இடைவெளி மேலும் அகன்றது.

திருச்செந்தூர்ச் சாலையில் ஒரு கணக்கு

இனித் தெற்கே திரும்புவோம். முள்ளக்காட்டின் உப்பளங்களில் வெண்ணிறக் குவியல்கள் வெயிலில் மின்னுகின்றன. பழையகாயலைக் கடந்து, தாமிரபரணியைத் தாண்டி, ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களையும் ஆறுமுகநேரியையும் கடந்தால் காயல்பட்டினம். தூத்துக்குடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இச்சாலையையே நம் அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம். 2024 மார்ச் மாதத்து விலைக் குறைப்புக்குப் பின்னும் தமிழகத்தில் விலை அந்த அளவில்தான் நின்றது. நடுத்தரக் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் எனில், ஒரு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு. காயலுக்கு ஒருவழிப் பயணம் 200 ரூபாய்.

மின்சாரக் கார், மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் ஓடினால் 6 கிலோமீட்டர் செல்லும் என்று கொள்வோம். யூனிட் 9 ரூபாய் எனில் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். காயலுக்கு 45 ரூபாய். ஆக, கிலோமீட்டருக்கு 5 ரூபாய் மிச்சம். மகன் சொன்னதில் இருக்கும் உண்மை இதுதான்.

தந்தை சொன்ன உண்மைக்கு வருவோம். டாடா நெக்ஸான் போன்ற ஒரே உருவமுள்ள கார் பெட்ரோலிலும் கிடைக்கிறது, மின்சாரத்திலும் கிடைக்கிறது. இத்தகைய இணைகளில் ஏறக்குறைய ஒரே வசதியுள்ளவற்றுக்கு இடையே 4 இலட்சம் ரூபாய் வேறுபாடு எனக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மின்சாரக் காருக்கு என்ஜின் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை என்பதால் பராமரிப்பில் சிறிது மிச்சமாகும். காரின் விலை உயர்வால் இன்சூரன்ஸ் சிறிது கூடும். இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதாக விட்டுவிடுவோம்.

நான்கு இலட்சத்தை ஐந்தால் வகுத்தால் 80,000. அதாவது 80,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே, கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வரும். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது 2 ஆண்டு 8 மாதம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 6 ஆண்டு 8 மாதம். ஜும்ஆவுக்கும், கல்யாண வீட்டுக்கும், மாதம் ஓரிரு முறை திருநெல்வேலி மருத்துவருக்கும் மட்டும் எடுத்து, மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்திற்கோ 16 ஆண்டு 8 மாதம். அதற்குள் காரே பழுத்துவிடும்.

காயல்பட்டினத்தில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவரிடம் இக்கணக்கைச் சொன்னேன். வாகைக்குளம் விமான நிலையத்திற்கும் திருநெல்வேலிக்கும் நாள்தோறும் ஓடுபவர் அவர்.

"ஹஜ்ரத், சும்மா நிக்கிற வண்டிக்கு எந்த வண்டியா இருந்தா என்ன? எனக்கு மாசம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுது. எனக்குத்தான் கரண்டு வண்டி லாபம்" என்றார்.

"அப்படியானால் ஏன் வாங்கவில்லை, தம்பி?" என்றேன்.

"சென்னை சவாரி வந்தா என்ன பண்றது? வழியில சார்ஜுக்கு ஒரு மணி நேரம் நின்னா, சவாரிக்காரங்க பொறுப்பாங்களா? அதோட மொத்தமாப் பணமும் வேணுமே" என்றார்.

அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் உரியவையே. சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். 450 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவிக்கப்படும் கார், குளிர்சாதனமும் நெடுஞ்சாலை வேகமும் சேர்ந்தால் 300 அல்லது சற்று மேல்தான் ஓடும். வழியிலுள்ள விரைவு மின்னேற்ற நிலையங்களில் யூனிட் 20 ரூபாய் அளவில் ஆகிறது. அந்த விலையில் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 33 காசு. மிச்சமும் 3 ரூபாய் 33 காசுதான். வெளியிலேயே மின்னேற்றம் செய்பவர் 1,20,000 கிலோமீட்டர் ஓடினால்தான் கூடுதல் விலை கைக்குத் திரும்பும்.

வீட்டு மீட்டரைப் பாருங்கள்

யூனிட் 9 ரூபாய் என்றேன். "எங்கள் வீட்டில் அவ்வளவு வருவதில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். கார் வருவதற்கு முன்னர் வராது. வந்த பின் வரும். தமிழகத்து வீட்டு மின்கட்டணம் படிக்கட்டுப் போன்றது. இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். நடுப்படிகள் மலிவு. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள சலுகையும் குறைந்துவிடுகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி அடுத்த படிகள் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 9 ரூபாய்க்கு மேல், 10 ரூபாய்க்கு மேல் என்று ஏறிச் செல்கின்றன.

இரண்டு மாதத்திற்கு 400 யூனிட் செலவழிக்கும் வீட்டில் ஒரு மின்சாரக் கார் வந்து மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், மேலும் 330 யூனிட்டுக்கு மேல் சேரும். அந்தக் கூடுதல் யூனிட்டுகள் அனைத்தும் மேற்படிகளில் ஏறுவதால்தான் சராசரியாக 9 ரூபாய் ஆகிறது. ஏற்கெனவே குளிர்சாதனம் ஓடும் வீட்டில் இன்னும் கூடும். ஆகவே, கார்க்கடைக்குச் செல்லுமுன் கடந்த ஓராண்டின் மின்கட்டணச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

தூத்துக்குடி வெயிலை உப்பளக்காரர்கள் மட்டும்தான் பயன்படுத்த வேண்டுமா? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. சொந்தக் கூரையுள்ளோர் இதையும் சேர்த்துக் கணக்கிடலாம். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்போருக்குக் கூரையும் இல்லை; பல இடங்களில் காருக்கு மின்இணைப்பும் இல்லை. அவர்கள் வெளி நிலையத்தின் விலையையே தம் விலையாகக் கொள்ள வேண்டும்.

வட்டி என்னும் கசிவு

அந்த இளைஞரின் இரண்டாம் கேள்வி பணம். கூடுதலான 4 இலட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோலில் மிச்சமாவது 5,000 ரூபாய். எனவே அந்த ஐந்தாண்டும் மாதந்தோறும் கையிலிருந்து 3,300 ரூபாய் வெளியே போகும். வட்டியாக மட்டும் 98,000 ரூபாய்க்கு மேல் போவதால், முதல் திரும்ப 8 ஆண்டு 4 மாதம் ஆகிவிடும். மிச்சம் பிடிக்க வாங்கிய காரின் அடித்தளத்தில் ஓட்டை விழுந்த கதை இது.

வட்டியின் மார்க்க நிலையை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இங்கே கணக்கும் அதே திசையைக் காட்டுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். வட்டியின்றி, கையிலுள்ள பணத்தில் வாங்குவோரும் ஒன்றை எண்ண வேண்டும். அந்த 4 இலட்சம் பல ஆண்டுகள் சக்கரங்களில் முடங்கிக் கிடக்கும். அவசர மருத்துவத்திற்கோ, மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கோ அதை உருவ முடியாது.

வளர்ப்பு முத்தும் பழைய பேட்டரியும்

காயல்பட்டினத்தில் நிற்கையில் 2023 டிசம்பரை மறக்க முடியுமா? 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. தெருவில் நின்ற வண்டிகள் நீரில் மூழ்கின. பெட்ரோல் என்ஜினுக்குள் நீர் புகுந்தாலும் பெருஞ்செலவே. மின்சாரக் காரின் பேட்டரியை நீர் புகாதவாறு மூடியே செய்கிறார்கள். ஆனால் அது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்ற அளவிலான சோதனைக்கு உட்பட்டதே. நாள்கணக்கில் நீரில் நிற்பது வேறு. காரின் பாகங்களிலேயே விலை மிகுந்தது பேட்டரி. ஆதலால் வெள்ளச் சேதமும் பேட்டரியும் இன்சூரன்ஸில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். அதன் விலையும் விழுந்து வருகிறது. 2010இல் ஒரு கிலோவாட் மணி கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024இல் 115 டாலர். இது நற்செய்திதான், ஆனால் நாளை வாங்குபவனுக்கே நற்செய்தி. இன்று வாங்கியவனின் பழைய காரை அது மலிவாக்குகிறது.

முத்து வணிகம் இதை முன்பே கண்டிருக்கிறது. ஜப்பானில் மிகிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தபின், 1920களிலும் 30களிலும் பஹ்ரைன், குவைத் முதலிய வளைகுடாக் கரைகளின் முத்துத் தொழில் சரிந்தது. முத்தை இருப்பு வைத்திருந்தவர்கள் இழந்தார்கள். தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். முத்தின் அழகு குறையவில்லை. இருப்பின் விலைதான் குறைந்தது. எனவே, ஐந்தாம் ஆண்டில் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்னும் எண்ணத்தில் மின்சாரக் கார் வாங்காதீர்கள். வாங்கினால் கடைசி வரை ஓட்டும் எண்ணத்தோடு வாங்குங்கள்.

"நார்வேயில் எல்லாரும் வாங்குகிறார்களே" என்பர் சிலர். உண்மை. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள். பெட்ரோல் காருக்கு அந்நாடு கடும் வரி விதித்து, மின்சாரக் காருக்குப் பல ஆண்டுகள் விலக்களித்ததே அதன் முதற்காரணம். அவர்கள் கணக்கு அவர்களுக்குப் பொருந்தியது. நம் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

யாருக்கு இலாபம்?

சொந்த வீடும் அதில் மின்னேற்ற வசதியும் உடையவர், நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டுபவர், வட்டிக் கடன் இன்றி வாங்க வல்லவர், அடிக்கடி சென்னை போன்ற தொலைவுக்குச் செல்லாதவர் ஆகிய நான்கு தகுதியும் ஒருங்கே உள்ளவருக்கு மின்சாரக் கார் இலாபமே. தூத்துக்குடியில் தங்கி நாள்தோறும் திருநெல்வேலிக்கு வேலைக்குச் சென்று திரும்புபவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர். இரவில் வீட்டிலேயே மின்னேற்றம். மூன்று ஆண்டுகளுக்குள் முதல் திரும்பிவிடும்.

மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் குடும்பத்திற்குச் சிறிய பெட்ரோல் காரே மலிவு. பல குடும்பங்களுக்கு, தேவையான நாளில் அந்தக் காயல் இளைஞரின் வாடகைக் காரை அழைப்பது அதனினும் மலிவு. கார் வைத்திருப்பது மட்டுமே ஒரு வீட்டின் மதிப்பை உயர்த்திவிடாது.

ஆகவே, வாசக நேயர்களே, ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், ஓராண்டில் எத்தனை முறை நெடும்பயணம், வீட்டு மின்கட்டணம் எந்தப் படியில் நிற்கிறது, இரு கார்களின் சாலைக்கு வந்த முழுவிலை வேறுபாடு எவ்வளவு, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது. என் எண்களை விட்டுவிட்டு உங்கள் எண்களை இட்டு, விலை வேறுபாட்டைக் கிலோமீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பாருங்கள். வரும் கிலோமீட்டரை எட்டாண்டுக்குள் ஓடி முடிப்பீர்கள் என்றால் பிஸ்மி சொல்லி மின்சாரக் காரை வாங்குங்கள். இல்லையெனில் சில ஆண்டுகள் பொறுத்திருங்கள். விலை இறங்கி வரும் பொருளுக்குக் காத்திருப்பதில் நட்டமில்லை.